கேசட் கேமராவின் படம் கணினிக்கு வர எது நல்ல வழி? ஃபயர்வயர் கார்டு, பழைய கணினி, ஏ.வி. ஒயர், ஸ்டூடியோ: ஓர் ஒப்பீடு

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்ட ஊர்களில், 2000ஆம் ஆண்டையொட்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில் அடிக்கடி இருந்த பொருள் கையடக்க வீடியோ கேமரா. சடங்கு, கல்யாணம், மார்கழியில் ஆரியங்காவு ஐயனின் திருக்கல்யாணம், குற்றாலத்துச் சாரல், 2010இல் நிறுத்தப்பட்ட மீட்டர்கேஜ் ரயிலில் மலையேறிய பயணம் என்று அந்தக் கேமராக்கள் எடுத்துவைத்தவை ஏராளம். கேசட்டுகள் இன்றும் பீரோவின் அடித்தட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கின்றன. வீட்டில் புதிய கணினியும் இருக்கிறது. ஆனால் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் தெரியும் சின்னஞ்சிறு துளைக்கு இணையான துளை அந்தக் கணினியில் எங்கும் இல்லை.

இந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் கார்டு வாங்கச் சொன்னார், இன்னொருவர் யு.எஸ்.பி. கருவி போதும் என்றார், ஸ்டூடியோக்காரர் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார், இதில் எதைக் கேட்பது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மூவர் சொன்னதும் ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான பதில்தான். பெரும்பாலானவர்கள் கணினியிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். கேசட்டிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## முதலில் கேசட்டையும் கேமராவையும் பாருங்கள்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட் என்றால் அது மினி-டி.வி. (இந்தக் கட்டுரையில் டி.வி. என்பது டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். தொலைக்காட்சியைத் தொலைக்காட்சி என்றே எழுதுகிறேன்.) 1995இல் வந்த இந்த வகையில் படம் நாடாவிலேயே எண்களாகத்தான் பதிவாகிறது. ஆகவே அந்த எண்களை அப்படியே கணினிக்கு நகலெடுக்க முடியும். நகலுக்கும் மூலத்துக்கும் வேறுபாடு இருக்காது.

ஏறக்குறைய ஆடியோ கேசட் அளவில், சற்றுத் தடிமனாக இருந்தால் அது எட்டு மில்லிமீட்டர் வகை. வீடியோ-8, ஹை-8 ஆகிய இரண்டும் அனலாக், அதாவது படம் எண்களாக அல்லாமல் அலையாகப் பதிவாகும் வகை. 1999இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்-8 மட்டும் டிஜிட்டல். சிக்கல் என்னவென்றால், டிஜிட்டல்-8 கேமராக்கள் பதிவு செய்ததும் அதே ஹை-8 கேசட்டுகளில்தான். கேசட்டின் மேல் ஹை-8 என்று இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். எந்தக் கேமராவில் எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். டிஜிட்டல்-8 கேமராக்களில் பல மாதிரிகள் பழைய ஹை-8 நாடாக்களையும் ஓட்டி, அவற்றை டிஜிட்டலாகவே வெளியே அனுப்பும். அப்படியொரு கேமரா வீட்டில் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அனலாக் கேசட்டுகளுக்கு அதைவிட நல்ல வழி வீட்டளவில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து கேமராவின் துளைகள். "டி.வி." என்றோ "ஐ-லிங்க்" என்றோ எழுதப்பட்ட, நான்கு ஊசிகள் கொண்ட சிறிய துளைதான் ஃபயர்வயர். ஐ.இ.இ.இ. 1394 என்பது அதன் முறையான பெயர். பக்கத்தில் யு.எஸ்.பி. துளையும் இருக்கலாம். அதைக் கண்டு மகிழ்ந்து ஒயரைச் செருகி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான மினி-டி.வி. கேமராக்களில் அந்த யு.எஸ்.பி. துளை மெமரி கார்டிலுள்ள புகைப்படங்களை எடுப்பதற்கும், மங்கலான படத்தை வெப்கேமரா போல அனுப்புவதற்கும் வைக்கப்பட்டது. நாடாவிலுள்ள படம் முழுத் தரத்தில் அதன் வழியே வராது.

இணையத்தில் விற்கப்படும் இன்னொரு பொருளைப் பற்றியும் இங்கேயே எச்சரிக்க வேண்டும். ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யு.எஸ்.பி.யும் உள்ள வெறும் ஒயரை வாங்காதீர்கள். இரண்டு முனைகளும் கேட்ட இடத்தில் பொருந்தும், ஆனால் இரண்டும் தகவலைப் பரிமாறும் முறை அடிப்படையிலேயே வேறு என்பதால் கணினி கேமராவைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. என் உறவினர் ஒருவர் இரண்டு முறை வாங்கினார். முதல் ஒயர் பழுது என்று நினைத்து இரண்டாவதை வாங்கியதுதான் அதில் எனக்கு வருத்தம் தந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

படத்தின் தரம் முதல் அளவுகோல். நாடாவில் உள்ளது குறையாமல் வருகிறதா, வழியில் சுருக்கப்படுகிறதா என்பது பெரிய திரையில் பார்க்கும்போதுதான் தெரியும். இரண்டாவது, கேசட்டின் எண்ணிக்கை. ஒரு கேசட்டுக்குச் சரியான வழி முப்பது கேசட்டுக்குச் சரியாக இருக்காது. மூன்றாவது செலவு, பொருளின் விலையோடு அதை ஓடவைக்க ஆகும் மற்றச் செலவுகளும் சேர்ந்தது. நான்காவது நேரம். எந்த வழியில் போனாலும் ஒரு மணி நேர நாடா ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும், கோப்பை இழுத்துப் போடுவது போல இரண்டு நிமிடத்தில் முடியாது. அதற்கு மேல் ஆகும் நேரத்தில்தான் வழிக்கு வழி வேறுபாடு.

ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படம் எடுத்த நாளும் நேரமும் மினி-டி.வி. நாடாவில் படத்தோடு படமாகப் பதிவாகியிருக்கின்றன. அவை கணினிக்கு வருகின்றனவா? பாட்டி மறைந்து, தாத்தாவும் மறைந்து, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத வீட்டில், "இது எந்த வருஷத்துச் சடங்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியது அந்தத் தேதி ஒன்றுதான். கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தார்கள் என்றால்.

## வழி ஒன்று: கணினியில் ஃபயர்வயர் கார்டு

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். சி.பி.யு. பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் காலியாக உள்ள பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு சிறு கார்டைச் செருகினால் கணினிக்கு ஃபயர்வயர் துளை கிடைத்துவிடும். வாங்கும்போது கார்டிலுள்ள சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அல்லது வயா நிறுவனத்துடையதா என்று கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டும் பரவலாக ஒத்துழைப்பவை. கார்டின் துளை பெரும்பாலும் ஆறு ஊசி, கேமராவின் துளை நான்கு ஊசி. ஆகவே ஆறுக்கு நான்கு ஒயர் தனியாக வேண்டும். கார்டோடு அது வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தரத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தியாவில் நாம் பயன்படுத்தும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் என்று நாடாவில் எப்படி இருந்ததோ அப்படியே வந்து சேரும். தேதியும் நேரமும் கூடவே வரும். வின்-டி.வி. என்ற இலவச மென்பொருள் அந்தத் தேதியைப் பார்த்து, எங்கே படப்பிடிப்பு நின்று மறுபடி தொடங்கியதோ அங்கே கோப்பைத் தானாகப் பிரித்தும் தரும். காலையில் தாலிகட்டு, மாலையில் வரவேற்பு, மறுநாள் மறுவீடு எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக விழுவதைப் பார்ப்பது மனத்துக்கு நிறைவான காட்சி.

மறைந்திருக்கும் செலவு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் 7லும் செருகியவுடன் வேலை செய்த கார்டு, விண்டோஸ் 8க்குப் பிறகு முரண்டு பிடிக்கலாம். பழைய வகை 1394 டிரைவரை (கார்டைக் கணினியோடு பேசவைக்கும் நிரலை) அந்தப் பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது காரணம். மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிட்ட பழைய டிரைவரை நிறுவி, சாதன மேலாளரில் அதையே தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் 10இலும் ஓடும். நான் அப்படி ஓட்டியிருக்கிறேன். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். அதில் ஃபயர்வயர் ஆதரவு உள்ளேயே இருக்கிறது, டி.வி.கிராப் என்ற சிறு நிரலைச் சேர்த்தால் போதும். ஆப்பிள் கணினிக்காரர்களுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2025இல் வந்த மேக்ஓ.எஸ். 26 ஃபயர்வயர் ஆதரவையே கைவிட்டுவிட்டது.

இரண்டு, இடம். ஒரு மணி நேர டி.வி. படம் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். இருபது கேசட்டுக்கு 260 ஜி.பி. தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்காமல் முடியாது. அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பு வளராது. ஏறக்குறைய பத்தொன்பதாவது நிமிடத்தில், முகூர்த்த நேரத்தில், பதிவு நின்றுவிடும். என்.டி.எஃப்.எஸ். என்ற முறைக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது ஆபத்து துளையில் இருக்கிறது. ஆறு ஊசி முனையில் மின்சாரமும் வருகிறது. அதைத் தவறான பக்கமாக அழுத்திச் செருகினால் கேமராவின் துளையே போய்விடக்கூடும். இரண்டையும் அணைத்துவிட்டு ஒயரைச் செருகி, பிறகு இயக்குங்கள்.

எப்போது சிறந்தது: மினி-டி.வி. அல்லது டிஜிட்டல்-8 கேசட்டுகள் ஐந்தாறுக்கு மேல் இருந்து, வீட்டில் மேசைக் கணினியும் அதைத் திறந்து பார்க்கத் தயங்காத ஓர் ஆளும் இருக்கும்போது.

## வழி இரண்டு: துளையுள்ள பழைய கணினி

மடிக்கணினியில் இப்படிக் கார்டு போட முடியாது. ஆனால் 2004 முதல் 2010 வரை வந்த மடிக்கணினிகள் பலவற்றில் நான்கு ஊசி ஃபயர்வயர் துளை உடம்போடேயே இருந்தது. அந்தக் கணினிகளில் ஒன்று உங்கள் உறவினர் யாருடைய வீட்டிலாவது பரணில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எனக்குக் கிடைத்தது அப்படித்தான். தென்காசியில் இருக்கும் சித்தப்பா வீட்டில், பேட்டரி செத்து, ஒயரில் மட்டும் ஓடும் ஒரு கணினி. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் வேலை செய்யவில்லை, படம் எடுக்க அந்த இரண்டு எழுத்துகளும் தேவைப்படவில்லை.

தரத்தில் முதல் வழிக்கும் இதற்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. அல்லது 7 இருந்தால் டிரைவர் தொல்லையும் இல்லை. கேமராவைச் செருகி, அதன் குமிழை ஓட்டும் நிலைக்குத் திருப்பினால் கணினி தானே கண்டுகொள்ளும். எக்ஸ்.பி.யிலுள்ள மூவி மேக்கரைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எந்தத் தரத்தில் சேமிப்பது என்று அது கேட்கும்போது முதலில் காட்டும் தெரிவு சுருக்கப்பட்ட விண்டோஸ் மீடியா கோப்பு. அதை விட்டுவிட்டு டி.வி. ஏ.வி.ஐ. என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் நல்ல வழியில் வந்த படத்தை வீட்டு வாசலில் வைத்துக் கெடுத்துக்கொண்டதாகும்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் சிறியதாக இருக்கும். நான் பயன்படுத்தியதில் காலியிடம் மூன்று கேசட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நேராகப் பதிவு செய்வதைவிட, ஓரிரு கேசட்டை உள்ளே எடுத்து, பிறகு வெளியே மாற்றி, உள்ளே அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது பத்திரம். பழைய கணினிகள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போது நடுவே படங்களைத் தவறவிடுகின்றன. இப்படி மாற்றி மாற்றிச் செய்ததில் ஒரு கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கணினி என்பதால் அதை இணையத்தோடு இணைக்காமலே வைத்திருந்தேன்.

இரவல் வாங்கும் இடம் உண்டு என்றால், இந்த நான்கில் எனக்குப் பிடித்த வழி இதுதான். காசு ஏறக்குறைய ஆகாது, படம் குறையாது. செகண்ட் ஹாண்டாக விலைக்கு வாங்குவதானால் மட்டும், கேமராவைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே செருகி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். துளை இருப்பதும் துளை வேலை செய்வதும் வேறு வேறு.

## வழி மூன்று: ஏ.வி. ஒயரும் யு.எஸ்.பி. கருவியும்

கேமராவைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் இருக்கிறதல்லவா, அதைத் தொலைக்காட்சிக்குப் பதிலாக ஒரு சிறு கருவியில் செருகி, அந்தக் கருவியைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகுவது இந்த வழி. கார்டின் விலையில் பாதிகூட ஆகாத கருவிகள் கிடைக்கின்றன. எந்தக் கணினியிலும் செருகலாம். எந்தக் கேமராவானாலும், ஹை-8 ஆனாலும், வி.ஹெச்.எஸ். டெக் ஆனாலும் ஓடும். இந்தப் பரந்த பொருத்தம்தான் இதன் பலம்.

பலவீனத்தைச் சொல்ல ஒரே கேசட்டை இரண்டு வழியிலும் எடுத்துப் பார்த்த அனுபவத்தை எழுதுகிறேன். 2009இல் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மீட்டர்கேஜ் ரயிலில் போனதை என் தம்பி மினி-டி.வி. கேமராவில் எடுத்திருந்தான். பகவதிபுரம் தாண்டி ரயில் நீண்ட குகைக்குள் நுழைகிறது. ஃபயர்வயர் வழியே வந்த படத்தில் இருட்டு, மணல் தூவினாற்போல் ஒரு நடுக்கத்தோடு இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கொளியில் எதிர் சீட்டிலிருக்கும் அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது. யு.எஸ்.பி. கருவியில் வந்த படத்தில் அந்த இருட்டு முழுவதும் கறுப்புச் சதுரங்களாகக் கட்டிப்போய், மூக்குத்தி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. குகை முடிந்து சட்டென்று வெளிச்சம் வரும் நொடியில் நாலைந்து படங்கள் விட்டுப்போய் ஒரு குலுக்கல். பிறகு கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தை நெருங்கும்போது சன்னலுக்கு வெளியே ஓடும் இலைகள், ஒன்றில் இலைகளாக இருக்கின்றன, மற்றொன்றில் பச்சைக் குழம்பாக.

காரணம் எளிது. நாடாவில் எண்ணாக இருந்ததைக் கேமரா அனலாக் அலையாக மாற்றுகிறது, நிறமும் வெளிச்சமும் ஒரே மஞ்சள் ஒயரில் கலந்து போகின்றன, மறுமுனையில் கருவி அதை மறுபடி எண்ணாக்கி மணிக்கு மூன்று நான்கு ஜி.பி.க்குள் அடங்கச் சுருக்குகிறது. அசைவு குறைந்த படம் இதைத் தாங்கும். மழை, இலை, அருவி, இருட்டு ஆகியவை தாங்காது. நம் பக்கத்துக் கேசட்டுகளில் இவைதானே நிறைய. தேதியும் இந்த வழியில் வராது.

ஹை-8 கதை வேறு. அந்த நாடாவில் இருப்பதே அனலாக் என்பதால் ஒருமுறை எண்ணாக்கித்தான் ஆக வேண்டும். அவற்றுக்கு இந்த வழி குறைவான வழி என்று நான் சொல்ல மாட்டேன். கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் ஒயருக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். நிறமும் வெளிச்சமும் தனித்தனியே வருவதால் சிவப்புச் சேலையின் ஓரம் கசியாது. ஒலிக்கு மட்டும் வெள்ளை, சிவப்பு ஒயர்கள் போதும்.

இந்த வழியில் போகிறவர்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. விலை குறைந்த கருவியோடு வரும் குறுந்தட்டிலுள்ள டிரைவர் புதிய 64 பிட் விண்டோஸில் நிறுவப்படாமல் போகலாம்; திருப்பித் தர வசதியுள்ள கடையில் வாங்குங்கள். கேமராவுக்குப் போகும் ஒற்றை முனை ஏ.வி. ஒயர் பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே இணைப்பு வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மஞ்சளில் படம் வரவில்லை என்றால் சிவப்பு முனையை மாற்றிச் செருகிப் பாருங்கள், படம் அங்கே வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரப் பதிவின் கடைசியில் உதட்டசைவும் ஒலியும் விலகியிருக்கிறதா என்று முதல் கேசட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன், கேமராவில் டிஸ்ப்ளே பொத்தானை அழுத்தித் திரையிலுள்ள எழுத்துகளை அணைத்துவிடுங்கள். நான் முதலில் எடுத்த மூன்று கேசட்டுகளிலும் படத்தின் வலது மூலையில் நாடா ஓடிய நேரத்தைக் காட்டும் எண் கடைசிவரை ஓடிக்கொண்டே இருக்கிறது. அது படத்தோடு ஒட்டிவிட்டதால் இனி எடுக்க முடியாது. மூன்றையும் மறுபடி ஓட்டினேன்.

எப்போது சிறந்தது: அனலாக் கேசட்டுகளுக்கு, அல்லது மடிக்கணினி மட்டும் உள்ள வீட்டில், பெரிய திரையில் பார்க்கும் எண்ணமின்றி, உறவினர்களுக்குக் கைபேசியில் அனுப்பினால் போதும் என்கிற படங்களுக்கு, அல்லது கேமராவின் ஃபயர்வயர் துளை செத்துப்போயிருக்கும்போது.

## வழி நான்கு: ஸ்டூடியோ

தென்காசியிலும் புனலூரிலும் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்கள் சிலவற்றில் இந்த வேலையைச் செய்துதருகிறார்கள். கேசட் கணக்கிலோ மணிக்கணக்கிலோ வாங்குவார்கள். ஒன்றிரண்டு கேசட் மட்டும் உள்ளவர்களுக்கும், கேமராவே பழுதாகிவிட்டவர்களுக்கும் வேறு வழி தேட வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாத நல்ல டெக்கும் பழகிய கையும் அவர்களிடம் இருக்கலாம்.

ஆனால் கேசட்டை நீட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் நான் பட்டதைச் சொல்கிறேன். "கேசட்ட வச்சுட்டுப் போங்க அண்ணாச்சி, பென் டிரைவ்ல போட்டுத் தந்துருதேன்" என்றார் ஸ்டூடியோவில் இருந்த தம்பி. பத்து நாளில் தந்தார். ஒரு மணி நேரப் படம் 600 எம்.பி.க்குள் அடங்கியிருந்தது, முகங்கள் இழுபட்டு அகலமாக இருந்தன. பழைய 4க்கு 3 வடிவப் படத்தை அகலத் திரைக்கு நிரப்பியிருக்கிறார்கள். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கேட்பது அதைத்தான், நான் வேறு கேட்கவும் இல்லை.

ஆகவே கேளுங்கள்: ஃபயர்வயர் வழியாக எடுக்கிறீர்களா, ஏ.வி. ஒயர் வழியாகவா? சுருக்காத டி.வி. கோப்பை நான் தரும் ஹார்ட் டிஸ்க்கில் தர முடியுமா? 4க்கு 3 வடிவத்தை மாற்றாமல் வைப்பீர்களா? நான் கேசட்டைத் திரும்பப் பெற்றுச் சரிபார்க்கும் வரை கோப்பை அழிக்காமல் வைத்திருப்பீர்களா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் ஸ்டூடியோ என்றால் தயங்காமல் கொடுக்கலாம். மொத்தக் கேசட்டையும் ஒரே நாளில் கொடுக்காமல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, மிச்சத்தைக் கொடுப்பது நல்லது. கேசட்டின் மேல் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுங்கள், பெயரில்லாத கேசட்டுகள் கடையில் எளிதில் மாறிவிடும்.

இன்னொரு செலவும் உண்டு. வீட்டுக் கேசட்டில் வீட்டுக்குள் மட்டும் பார்க்க வேண்டியவை இருக்கும். குழந்தை குளிப்பது, துக்க வீடு, யாரோ அழுவது என்று இருக்கும் கேசட்டை வெளியாளிடம் கொடுக்கலாமா என்பதை வீட்டில் உள்ள பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஃபயர்வயர் கார்டு | பழைய கணினி | ஏ.வி. ஒயர் + யு.எஸ்.பி. | ஸ்டூடியோ |
|---|---|---|---|---|
| டிஜிட்டல் கேசட்டில் தரம் | மூலம் அப்படியே | மூலம் அப்படியே | குறையும் | கேட்டு வாங்குவதைப் பொறுத்தது |
| ஹை-8, வீடியோ-8 | டிஜிட்டல்-8 கேமரா இருந்தால் | டிஜிட்டல்-8 கேமரா இருந்தால் | ஏற்றது | ஏற்றது |
| எடுத்த தேதி | வரும் | வரும் | வராது | கேட்க வேண்டும் |
| மறைந்த செலவு | டிரைவர், ஹார்ட் டிஸ்க், ஒயர் | கோப்பை மாற்றும் நேரம் | மறுபடி எடுக்க நேர்வது | சுருக்கம், கேசட் மாறுவது |
| எத்தனை கேசட்டுக்கு | பல | பல | சில | ஒன்றிரண்டு |

## கேசட்டே இல்லாத கேமரா என்றால்

மெமரி கார்டிலோ உள்ளேயே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலோ பதிவாகும் கேமராக்களில் சிக்கல் வேறு. கோப்பு யு.எஸ்.பி. வழியே வந்துவிடும், பழைய கணினியில் ஓடாது. 2006இல் சோனியும் பானசோனிக்கும் அறிமுகப்படுத்திய ஏ.வி.சி.ஹெச்.டி. முறையின் எம்.டி.எஸ். கோப்புகள் இப்படித்தான் திணறும். வி.எல்.சி. இயக்கியில் முதலில் போட்டுப் பாருங்கள், ஓடவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்.பி.4 ஆக மாற்றுங்கள். மாற்றினாலும் மூலத்தை அழிக்க வேண்டாம். கார்டிலிருந்து கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். நீண்ட காட்சிகள் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும், அவற்றைச் சேர்க்கும் விவரம் மற்றக் கோப்புகளில் இருக்கும். சிறு குறுந்தட்டில் பதிவாகும் கேமரா வைத்திருப்பவர்கள், தட்டைக் கேமராவிலேயே ஃபைனலைஸ் (பதிவை முடித்து மூடுவது) செய்த பிறகுதான் கணினியில் போட வேண்டும். தட்டை உறிஞ்சி இழுக்கும் வகை டிரைவில் மட்டும் அந்தச் சிறு தட்டைப் போட்டுவிடாதீர்கள், வெளியே வராது.

## எந்த வழியானாலும், ஓட்டுவதற்கு முன்

நம் பக்கத்துக்கு ஆனியும் ஆடியும் சாரல் காலம். பீரோவுக்குள்ளும் ஈரம் புகும். கேசட்டின் கண்ணாடி வழியே வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொட்டோ மெல்லிய படலமோ இருந்தால் அது பூஞ்சை. அதைக் கேமராவில் போட்டால் அந்தக் கேசட்டோடு, நாடாவைப் படிக்கும் கேமராவின் ஹெட்டும் கெடும், அடுத்து ஓட்டும் நல்ல கேசட்டுகளிலும் அது பரவும். தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யும் வசதியுள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள்.

கேமராவில் ஈரம் என்ற எச்சரிக்கை வந்தால் கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். படம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தால் ஹெட்டில் அழுக்கு. சுத்தம் செய்யும் கேசட்டைப் பத்து நொடிக்கு மேல் ஓட்டாமல் பயன்படுத்துங்கள். பதிவைத் தடுக்கும் சிறு தாழ்ப்பாளைச் சேவ் பக்கம் தள்ளுங்கள். எல்.பி. வேகத்தில், அதாவது ஒரு மணி நேர நாடாவில் ஒன்றரை மணி நேரம் எடுத்திருந்தால், அது எடுத்த கேமராவிலேயே நன்றாக ஓடும், வேறு கேமராவில் தடுமாறும். அத்தகைய கேசட்டுகளை முதலில் ஓட்டி முடியுங்கள். கணினிகள் எப்போதும் கிடைக்கும். ஓடும் நிலையில் உள்ள அந்தக் குறிப்பிட்ட கேமரா நாளைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது.

எங்கள் அத்தை வீட்டில் மொத்தம் 23 கேசட்டுகள் இருந்தன. அவற்றில் பதினேழு மினி-டி.வி. கேசட்டுகளைச் சித்தப்பாவின் பழைய கணினியில் மூன்று வாரம் மாலை நேரங்களில் எடுத்து முடித்தேன். 221 ஜி.பி. ஆனது, அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து ஒன்றை அத்தை வீட்டிலும் ஒன்றை என் வீட்டிலும் வைத்திருக்கிறோம். நான்கு ஹை-8 கேசட்டுகளை எஸ்-வீடியோ வழியே யு.எஸ்.பி. கருவியில் எடுத்தேன். பூஞ்சை பிடித்த ஒன்றைத் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினோம், முதல் பத்து நிமிடம் தவிர மற்றது வந்தது. மிஞ்சிய ஒன்று அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் அங்கே எடுத்து அனுப்பிய மினி-டி.வி. அது அங்குள்ள என்.டி.எஸ்.சி. முறையில் இருப்பதால் இங்குள்ள பால் கேமராவில் நீலத் திரை மட்டும் தெரிகிறது. அவர் தம் பழைய கேமராவைத் தேடிப் பார்த்து, அடுத்த விடுமுறையில் வரும்போது கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.